பதிவேடு நிரம்பினால் பதிவே நிற்கும்

கணினியின் இடத்தை அடைக்கும் லாக் கோப்புகளைப் பற்றி ஒரு பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

நம் மடலில் ஜகாத் கணக்கு, கல்வி உதவி, மருத்துவ முகாம் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதுகிறோம். இம்முறை கணினியைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் அறக்கட்டளை செய்த ஒரு தவறால் ஒரு குடும்பம் மனம் வருந்த நேர்ந்தது. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, மீண்டும் நேராமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்பதை ஜமாஅத்துக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. நம் பிள்ளைகளில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் படித்துக் கணினி வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இது பாடமாகவும் அமையட்டும்.

நடந்தது என்ன?

கல்வி உதவி விண்ணப்பங்களைத் தாளில் வாங்குவதை நிறுத்தி, கைப்பேசியிலிருந்தே அனுப்பும்படி இணையப் படிவம் ஒன்றை வைத்திருந்தோம். அதற்காக மாத வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்தோம். அதன் வட்டு 20 ஜிபி. பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. விண்ணப்பம் ஒன்று சில நூறு கேபிதான் வரும். பத்தாண்டுக்குப் போதும் என்று நினைத்தோம்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று ஜும்ஆ முடிந்து அலுவலகம் வந்து பார்த்தபோது, வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்கவில்லை. கடைசி நேரத்தில்தானே நம் மக்கள் அதிகமாக அனுப்புவார்கள்! சந்தேகப்பட்டு, கணினி படித்த நம் தன்னார்வத் தம்பி ஒருவரை அழைத்தோம். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "வட்டு நூற்றுக்கு நூறு நிரம்பிடுச்சு. இனி ஒரு எழுத்துகூட எழுத இடமில்லை" என்றார்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கோப்பு. விண்ணப்பம் கிடைத்ததும் பதில் மடல் அனுப்பும் நிரல் ஒன்றை வைத்திருந்தோம். மடல் சேவையின் கடவுச்சொல்லை நாங்கள் மாற்றினோம். புதிய சொல்லை அந்த நிரலுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். பாவம், அது மடலை அனுப்பப் பார்த்துத் தோற்று, "முடியவில்லை" என்று லாக் கோப்பில் எழுதி, உடனே மறுபடி முயன்று, மறுபடி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிழைக் குறிப்பு 3 கேபி. விநாடிக்கு 20 முறை என்றால் 60 கேபி. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். பெருக்கினால் ஒரு நாளைக்கு 5 ஜிபிக்கும் மேல். பத்தாண்டுக்குப் போதும் என்று நினைத்த 10 ஜிபி இரண்டே நாளில் தீர்ந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. வட்டு நிரம்பிய பிறகும் படிவம் திறந்துகொண்டுதான் இருந்தது. அனுப்பியவர்களுக்கு "நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று காட்டியும் இருக்கிறது. உள்ளே எதுவும் சேமிக்கப்படவில்லை.

அவசரத்தில் செய்த இரண்டாவது தவறு

"அந்தக் கோப்பை உடனே அழித்துவிடு தம்பி" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். அவர் தயங்கினார், நாங்கள் அவசரப்படுத்தினோம். கோப்பை அழித்தார். ஆனால் வட்டு அப்போதும் நிரம்பியதாகவே காட்டியது. நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கிய பிறகே இடம் திரும்பியது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இடம் கிடைத்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. எந்த நேரத்திலிருந்து விண்ணப்பங்கள் தொலைந்தன என்று எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடியது அந்தக் கோப்பின் கடைசி வரிதான். அதிலுள்ள நேரம்தான் வட்டு நிரம்பிய நேரம். அதைத்தான் படிக்காமலே அழித்திருந்தோம். சேமித்த கடைசி விண்ணப்பம் இரவு ஒன்பது மணிக்கு வந்தது என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு யார் யார் அனுப்பினார்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. இடமில்லாததால் மற்ற லாக் கோப்புகளும் அந்த நேரத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தன.

கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். பள்ளிவாசல்களில் அறிவித்தோம். டவுன்ஷிப் வட்டங்களிலும் மந்தாரக்குப்பத்திலும் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினோம். பலர் மறுபடி அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம்.

பல மாதம் கழித்து வேறொரு வேலையாக அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய், மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நாங்களும் போட்டிருந்தோம் பாய். கிடைச்சுதுன்னு போன்ல வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரல. எங்க பேரை எடுக்கலன்னு நினைச்சோம். வந்து கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நகையை வச்சுக் கட்டிட்டோம்." அவர்கள் அந்த வாரம் ஊரில் இல்லை, அறிவிப்பு காதில் விழவில்லை.

அந்தப் பெண்ணின் அடுத்த பருவக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிய அந்த மாதங்களை எங்களால் திருப்பித் தர முடியாது. கேட்கத் தயங்கும் ஏழைகளைத் தேடிப் போய்க் கொடுக்கும்படி மார்க்கம் சொல்லியிருக்க, தாமாகத் தேடி வந்தவர்களையே தொலைத்துவிட்டோம்.

லாக் என்றால் என்ன?

இந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. பழைய காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கடலில் போட்டு, எவ்வளவு கயிறு ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர். அளவை எழுதிய ஏடு லாக்புக் ஆயிற்று.

நெய்வேலியில் இதை விளக்க வேண்டியதே இல்லை. அனல்மின் நிலையத்திலோ சுரங்கத்திலோ வேலை செய்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடியும்போது எந்த மோட்டார் சூடானது, எந்த பெல்ட் நின்றது, எத்தனை மணிக்குச் சரியானது என்று லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பார்கள். சர்வரில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் இதையே செய்கிறது. யார் வந்தார், என்ன கேட்டார், கொடுத்தோமா, எங்கே பிழை என்று நேரத்தோடு எழுதிவைக்கிறது.

எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். உமர் (ரலி) அவர்கள் உதவித்தொகை பெறுவோரின் பெயர்களைப் பதிய 'தீவான்' என்னும் பதிவேட்டு முறையை ஏற்படுத்தினார்கள். ஆகவே 'லாக் தொல்லை, எழுதுவதையே நிறுத்திவிடு' என்பது சரியான தீர்வாகாது. எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

மேல்மண்ணும் லாக் கோப்பும்

நம் ஊர்ச் சுரங்கத்தையே உதாரணமாகக் கொள்வோம். 1957 மே 20 அன்று நெய்வேலியில் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அகற்றும் வேலைதான். இன்றும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மண்ணை வெட்ட, பெல்ட்டுகள் சுமந்து போக, ஸ்ப்ரெட்டர்கள் அதை நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் பரப்புகின்றன. மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டினால் சுரங்கமே மூடிப்போகும். அடியிலிருந்து அழுத்திவரும் நிலத்தடி நீரையும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். "இன்று ஓய்வு, நாளை இறைக்கலாம்" என்றால் சுரங்கத்தில் நீர் ஏறிவிடும்.

லாக் கோப்பும் அப்படித்தான். அது ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்துவிட்டால் முடிந்துவிடாது. வெட்டவும், ஓரமாக ஒதுக்கவும், காலம் முடிந்ததை அகற்றவும் தானாக இயங்கும் ஏற்பாடு இருக்கவேண்டும். எங்களிடம் அது இல்லை.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

நம் சிறிய அறக்கட்டளைக்கு மட்டுமா இப்படி நேர்ந்தது? 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் உள்நாட்டு வாகன ஆலைகள் 14-உம் நின்றன. உதிரிபாகம் கேட்டு ஆணை அனுப்பும் சர்வர்கள் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் முன்னதாக, 27-ஆம் தேதி, வழக்கமான பராமரிப்பு நடந்தது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்ததை அழித்து ஒழுங்குபடுத்தும்போது வட்டில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டது என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கம் தந்தது. மாற்றாக வைத்திருந்த சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் அப்படியே நின்றன. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே 30-ஆம் தேதி ஆலைகள் ஓடின.

இதில் இரண்டு பாடங்கள். முதலாவது, சுத்தம் செய்வதற்கே கொஞ்சம் இடம் வேண்டும். ஒரு கோப்பைச் சுருக்கும்போதுகூட, பழையதும் சுருக்கிய புதியதும் சிறிது நேரம் சேர்ந்து வட்டில் இருக்கும். ஆகவே இடம் இருக்கும்போதே சுத்தம் செய்யவேண்டும். இரண்டாவது, மாற்று ஏற்பாட்டுக்கும் அதே குறை இருந்தால் அது மாற்றே அல்ல.

இன்னொரு நிகழ்ச்சி பூமியிலேயே நடக்கவில்லை. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. சில வாரத்துக்குள், ஜனவரி 21 அன்று, ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. திரும்பத் திரும்பத் தானே அணைந்து எழுந்துகொண்டிருந்தது. விண்வெளிப் பயணத்தின்போது சேர்ந்தவை உட்பட, அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிவிட்டன. அந்தக் கோப்புகளின் பட்டியலைத் தாங்கவே வேலை நினைவகம் போதவில்லை. பொறியாளர்கள் அந்த நினைவகத்தைத் தொடாமல் எழும்படி ஊர்திக்குக் கட்டளை அனுப்பி, தேவையற்ற கோப்புகளை நீக்கி, பின்பு நினைவகத்தை முழுதாகச் சீரமைத்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கென அனுப்பிய அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

கவனியுங்கள்: அங்கே சிக்கல் கோப்புகளின் அளவைவிட எண்ணிக்கையில்தான் இருந்தது. நம் லினக்ஸ் சர்வரிலும் இது உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்றொரு பதிவுச் சீட்டு உண்டு. சிறிய கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தால் இடம் மீதமிருக்கும்போதே சீட்டு தீர்ந்துபோகலாம். அப்போதும் "இடமில்லை" என்றே பிழை வரும்.

முதலுதவி: எந்த வரிசையில் செய்வது?

சர்வர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்த வரிசையை மனத்தில் வைக்கட்டும்.

முதலில் பார்க்கவேண்டும். 'டிஎஃப்' என்ற கட்டளை எந்த வட்டுப் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியது என்று காட்டும். அதையே ஐநோடு கணக்கையும் காட்டச் சொல்லலாம். 'டியூ' என்ற கட்டளை எந்த அடைவு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும். லினக்ஸில் லாக் கோப்புகள் பெரும்பாலும் 'வார்' என்னும் அடைவுக்குள் இருக்கும் 'லாக்' என்னும் அடைவில் இருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

இரண்டாவது, படிக்கவேண்டும். பெரிய கோப்பின் முதல் சில வரிகளையும் கடைசி நூறு வரிகளையும் தனியே எடுத்து வேறு கணினியில் வையுங்கள். என்ன பிழை, எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

மூன்றாவது, ஊற்றை அடைக்கவேண்டும். ஓயாமல் எழுதும் நிரலை நிறுத்தி அதன் குறையைச் சரிசெய்யவேண்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதில் பயனில்லை.

நான்காவதாகத்தான் இடத்தை விடுவிக்கவேண்டும். இங்கே ஒரு நுட்பம். லினக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான். ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டோம். குடியிருப்பவர் சாவியோடு உள்ளேயே இருக்கிறார் என்றால் வீடு காலியாகுமா? எங்களுக்கு இடம் திரும்பாததன் காரணம் இதுவே. நிரலை மறுபடி தொடங்கவேண்டும். அல்லது பெயரை எடுக்காமல் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யவேண்டும். அழித்த பின்னும் எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை காட்டும்.

ஒரு ஆறுதலும் உண்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'ஈஎக்ஸ்டி4' கோப்பு முறை, வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கும். மற்ற நிரல்களுக்கு இடம் தீர்ந்தாலும் நிர்வாகி உள்ளே போய் வேலை செய்யமுடியும். அந்த இடத்தையும் வீணாக்கிவிடாதீர்கள்.

நிரந்தர ஏற்பாடு

முதலாவது, சுழற்சி. 'லாக்ரொடேட்' என்ற நிரல் லினக்ஸில் வழக்கமாகவே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் லாக் கோப்பை மூடி ஓரமாக வைத்து, புதிய ஏட்டைத் திறந்து, பழையதைச் சுருக்கி, குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டதை அகற்றிவிடும். உபுண்டு, டெபியன் அமைப்புகளில் பொது வழக்கம் வாரம் ஒரு முறை, நான்கு வாரங்கள். லாக் கோப்புகளில் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால், சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் நாமே எழுதிய நிரலின் லாக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அதற்கு நாம்தான் சொல்லவேண்டும். எங்கள் சர்வரில் லாக்ரொடேட் இருந்தது. பதில் மடல் நிரலின் கோப்பு அதன் பட்டியலில் இல்லை.

லாக்ரொடேட் வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் எழுந்து பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே நாளில் 5 ஜிபி எழுதும் நிரலுக்கு அது போதாது. அளவு வரம்பு வைத்து, மணிக்கு ஒரு முறை பார்க்கும்படியும் அமைக்கவேண்டும்.

இரண்டாவது, வரம்பு. இன்றைய லினக்ஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்டி ஜர்னல்' என்ற பொதுப் பதிவேடு உண்டு. அது தானாகவே வட்டுப் பகுதியின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். சிறிய சர்வரில் அதையும் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தனி அறை. லாக் கோப்புகளுக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்குங்கள். அது நிரம்பினாலும் விண்ணப்பங்கள் இருக்கும் பகுதிக்குப் பாதிப்பு வராது. சமையலறையில் குப்பைத் தொட்டி வைக்கிறோம். அரிசிப் பானையிலா குப்பையைப் போடுகிறோம்?

நான்காவது, பேச்சைக் குறைப்பது. நிரலைச் சோதிக்கும் நாள்களில் எல்லாவற்றையும் விரிவாக எழுதச் சொல்வார்கள். பயன்பாட்டுக்கு வந்த பின் எச்சரிக்கை, பிழை ஆகியவற்றோடு நிறுத்தலாம். தோற்ற வேலையை உடனுக்குடன் முயலாமல் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகவேண்டும்.

ஐந்தாவது, முன்னறிவிப்பு. வட்டு 80 சதவீதம் நிரம்பினால் ஒரு குறுஞ்செய்தி, 90 தாண்டினால் இன்னொன்று. இப்போது அது செயலாளர், தன்னார்வத் தம்பி, பொருளாளர் என மூவருக்கும் போகிறது. ஒருவர் உம்ராவுக்குப் போயிருந்தாலும் மற்றவர் பார்ப்பார்.

ஆறாவது, பொய் சொல்லாத படிவம். விண்ணப்பம் வட்டில் சேர்ந்தது உறுதியான பிறகே "கிடைத்தது" என்று காட்டவேண்டும். இல்லையென்றால் "இப்போது முடியவில்லை, அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று உண்மையைச் சொல்லவேண்டும். இப்போது நம் படிவம் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் தருகிறது. எண் வரவில்லையென்றால் விண்ணப்பம் சேரவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை வைப்பது, எதை அகற்றுவது?

லாக் வேறு, கணக்கு வேறு. இதைக் குழப்பக் கூடாது. நன்கொடை ரசீது, பைத்துல்மால் வரவு செலவு, உதவி பெற்றோர் பதிவு ஆகியவை அறக்கட்டளையின் ஆவணங்கள். அறக்கட்டளைகள் கணக்கேடுகளை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று 2022-இல் சேர்க்கப்பட்ட வருமான வரி விதி 17ஏஏ வகுத்தது. இவற்றில் எதையும் ஆடிட்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இவை லாக் சுழற்சியின் பக்கமே போகக்கூடாது.

லாக் கோப்புகளுக்கும் ஒரு காலம் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள் முதலியோர் தம் கணினி அமைப்புகளின் லாக் கோப்புகளை 180 நாள்கள் பாதுகாக்கவேண்டும் என்கிறது. நாங்களும் அந்த அளவையே வைத்துக்கொண்டோம். சுருக்கிய பழைய கோப்புகளை வாரம் ஒரு முறை வேறு வட்டுக்கு மாற்றுகிறோம். 180 நாள் முடிந்ததை அகற்றுகிறோம். வேண்டியதைக் காப்பதும் வேண்டாததைக் குவிக்காமல் இருப்பதும் இரண்டுமே இஸ்ராஃப் இல்லாத நடுநிலை.

இன்னொன்று மிக முக்கியம். லாக் கோப்பில் மனிதர்களின் மானம் இருக்கிறது. யார் ஜகாத் கேட்டார், யாருடைய கணவர் நோயாளி, யாருடைய ஆதார் எண் என்ன என்பதையெல்லாம் பிழைக் குறிப்போடு சேர்த்து எழுதிவைக்கும் நிரல்கள் உண்டு. எங்கள் நிரலும் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதியிருந்தது. அதை நிறுத்திவிட்டோம், இப்போது வரிசை எண் மட்டுமே எழுதுகிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாத தர்மத்தை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்திருக்க, வாங்குபவரின் பெயர் பழைய கோப்பில் கேட்பாரற்றுக் கிடக்கலாமா? இது அமானிதம்.

வீட்டிலும் இதே பாடம்

"எங்கள் வீட்டில் சர்வர் இல்லையே" என்று தாய்மார்கள் நினைக்கலாம். கைப்பேசி இருக்கிறதே! "இடமில்லை" என்று வந்ததும் கைக்குக் கிடைத்ததை அழித்து, பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ்ப் படத்தையும் சேர்த்து அழித்தவர்கள் உண்டு. முதலில் எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது வாட்ஸப் குழுக்களில் வந்த காணொளியாகத்தான் இருக்கும். வாட்ஸப் அமைப்புகளில் சேமிப்பிடத்தைக் காட்டும் பகுதிக்குப் போனால் எந்தக் குழு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, சான்றிதழ் படங்களை வேறு ஓர் இடத்திலும் ஒரு நகல் வைத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யுங்கள்.

பள்ளிவாசலிலும் கடையிலும் உள்ள கண்காணிப்புக் கேமராவும் இதே வகைதான். அதன் பெட்டி, வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அதனால்தான் அது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் பொருள் தொலைந்து ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த நாளின் பதிவு இருக்காது. ஏதாவது நடந்தால் அன்றைக்கே தேவையான பகுதியைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

முடிவாக

நம் செயல்களைப் பதிவு செய்யும் கண்ணியமிக்க எழுத்தாளர்களைப் பற்றித் திருக்குர்ஆன் (82:10-12) சொல்கிறது. அந்த ஏட்டில் இடம் தீர்வதில்லை, எதுவும் தவறுவதில்லை. மனிதர்களின் ஏடு அப்படியல்ல. நாம் பார்த்துக்கொண்டால்தான் அது நிற்காமல் எழுதும்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் அரை மணி நேரம் இந்தச் சரிபார்ப்பு நடக்கிறது. வட்டு நிலவரம், முந்தைய மாதப் பிழைகள், நகல் எடுத்தது சரியாகத் திறக்கிறதா ஆகிய மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். கணினி படிக்கும் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், பெற்றோரோடு வந்து உடனிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் அறக்கட்டளைக்கு எதற்காவது விண்ணப்பித்து, பதிலே வராமல் இருந்தால், உங்களை ஒதுக்கிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். தவறு எங்கள் பக்கம் இருக்கலாம். நீங்கள் கேட்பது எங்களுக்குச் சுமையல்ல; எங்கள் கணக்கைச் சரிசெய்து தருகிறீர்கள்.

அல்லாஹ் நம் அமானிதங்களைச் சரியாக நிறைவேற்றும் ஆற்றலைத் தந்து, நம் குறைகளை மன்னித்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்